உஷார்! போல்ட்டை முறுக்கி இழுத்தால் கியர்பாக்ஸ் காலி!

பழைய அமெரிக்க ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவரா நீங்கள்? டாட்ஜ் டார்ட், பிளைமவுத் வேலியன்ட், செவ்ரோலெட் இம்பாலா, ஃபோர்டு மஸ்டாங் என எதுவாக இருந்தாலும் சரி. "டார்க் கன்வெர்ட்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்று யாராவது சொன்னால், தலையாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தேய்ந்த கன்வெர்ட்டர் கியர்பாக்ஸைச் சாகடிக்க மாதக்கணக்கில் ஆகும். தப்பாக மாட்டிய புதுக் கன்வெர்ட்டருக்கு ஒரு நிமிடம் போதும்.

நம் ஊரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று நம் பட்டறைகள் கை பழகியதெல்லாம் கிளட்ச் வண்டிகளில். கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும்போது கடைசி அரை அங்குலம் உள்ளே போக மறுத்தால் என்ன செய்வார்கள்? "ரெண்டு போல்ட்டைப் போட்டு இழுத்துக்கலாம் அண்ணே!" கிளட்ச் வண்டியிலேயே அது கெட்ட பழக்கம்தான், பல நேரம் தப்பித்துக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக்கில் தப்பவே முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறது?

கிளட்ச் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதுதான் டார்க் கன்வெர்ட்டர். சுற்றிலும் வெல்டிங் வைத்து மூடிய இரும்பு உருண்டை. உள்ளே மூன்று உறுப்புகள். இன்ஜினோடு சுற்றி ஆயிலை வீசுவது இம்பெல்லர். அந்த ஆயில் மோதுவதால் சுழன்று கியர்பாக்ஸுக்குச் சக்தி தருவது டர்பைன். இரண்டுக்கும் நடுவில் நின்று, திரும்பி வரும் ஆயிலைச் சரியான கோணத்தில் மறுபடி இம்பெல்லருக்குத் திருப்பிவிடுவது ஸ்டேட்டர். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜினின் முறுக்குவிசையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கித் தருவது இந்த ஸ்டேட்டரின் வேலை. வேகம் கூடிய பிறகு அது குறுக்கே நிற்கக் கூடாது. கூடவே சுழல வேண்டும். அதற்காக ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் ஒன்-வே கிளட்ச் ஒன்றின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது.

கன்வெர்ட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் பின்புறக் கழுத்தில் உள்ள வெட்டுகள்தான் கியர்பாக்ஸின் ஆயில் பம்பைச் சுற்றுகின்றன. பம்ப் நின்றால் ஆயில் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையென்றால் கியர்பாக்ஸே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் பெரிய அபாயம் இந்தக் கழுத்தில்தான் இருக்கிறது.

நோய் கன்வெர்ட்டரில்தானா?

முதல் உஷார் இங்கேயே. கெடாத கன்வெர்ட்டரைக் கழற்றிப் பணத்தை விடுபவர்கள் ஏராளம்.

ஸ்டேட்டரின் ஒன்-வே கிளட்ச் இரண்டு விதமாகக் கெடும். இரண்டு பக்கமும் வழுக்கிச் சுழல ஆரம்பித்தால், வண்டி சிக்னலில் இருந்து கிளம்பவே முனகும். வேகம் எடுத்த பிறகு ஒழுங்காக ஓடும். எந்தப் பக்கமும் சுழலாமல் இறுகிப்போனால் நேர் எதிர்: கிளம்புவது நன்றாக இருக்கும், நெடுஞ்சாலையில் வேகம் ஏறாது, ஆயில் சூடாகும், இன்ஜினும் சூடாகும்.

ஆனால் கிளம்ப முனகுவதற்கு இக்னிஷன் டைமிங் தள்ளிப்போயிருப்பதும் காரணமாகலாம். கார்புரேட்டர் அடைப்பும், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கும் காரணமாகலாம். இவற்றைப் பார்க்காமல் கியர்பாக்ஸின் கீழே படுக்காதீர்கள்.

"காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் வண்டி நகரவே மாட்டேன் என்கிறது" என்பது இன்னொரு புகார். வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் மெல்லக் கீழே கியர்பாக்ஸின் ஆயில் தட்டான பானுக்கு இறங்கிவிடும். கிறைஸ்லரின் பழைய டார்க்ஃபிளைட் கியர்பாக்ஸ்களில் இது ரொம்பச் சகஜம். போதாக்குறைக்கு, அவற்றில் பலவற்றில் லீவர் 'பார்க்'கில் இருக்கும்வரை கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது. லீவரை நியூட்ரலில் வைத்துக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டாலே சரியாகிவிடும். இதற்காகக் கன்வெர்ட்டரை மாற்றியவர்களின் செலவு முழுக்க வீண்.

"லொட லொட" சத்தத்திலும் ஏமாறாதீர்கள். கன்வெர்ட்டரை இன்ஜினோடு இணைக்கும் மெல்லிய ஃபிளெக்ஸ்பிளேட்டில் விரிசல் விழுந்தாலோ, அதன் போல்ட் தளர்ந்தாலோ, இன்ஜினின் கனெக்டிங் ராட் பேரிங் போனதுபோலவே சத்தம் வரும். அதை நம்பி இன்ஜினையே பிரித்தவர்களும் உண்டு. கீழே உள்ள சின்ன மூடியைக் கழற்றி ஃபிளெக்ஸ்பிளேட்டை டார்ச் அடித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் குற்றவாளி வேறு. ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350, 400 போன்றவற்றில் வேக்குவம் மாடுலேட்டர் என்ற சின்ன டப்பா உண்டு. அதன் ஜவ்வு கிழிந்தால் இன்ஜினே கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி எரித்துவிடும்.

ஸ்டால் டெஸ்ட் செய்து பார்க்கலாம் என்பார்கள். பிரேக்கை முழுதாக மிதித்து, 'டி'யில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தி இன்ஜின் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று பார்ப்பது. மேனுவலில் சொன்ன எண்ணைவிட மிகக் குறைந்தால் ஸ்டேட்டர் வழுக்குகிறது அல்லது இன்ஜின் பலவீனம்; மிகக் கூடினால் கியர்பாக்ஸின் உள் கிளட்சுகள் வழுக்குகின்றன. ஆனால் உஷார்! இன்ஜினின் மொத்தச் சக்தியும் அப்போது சூடாக மாறி ஆயிலில் இறங்குகிறது. ஐந்து விநாடிக்கு மேல் கூடவே கூடாது. வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. ஐம்பது வருடப் பழைய டிரம் பிரேக்கை நம்பி உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

கழற்றுமுன் ஆயிலைப் பாருங்கள்

ஆயிலை வடித்துப் பானைக் கழற்றுங்கள். பானின் அடியில் கொஞ்சம் சாம்பல் நிறப் படிவு இருந்தால் பயப்பட வேண்டாம். ஆயிலில் வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் உலோகம் தேய்கிறது. கருகிய வாடையோடு கறுத்திருந்தால் உள் கிளட்சுகள் எரிந்திருக்கின்றன. கன்வெர்ட்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இந்த வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது துருவில் ஓட்டையானால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிடும். உள் கிளட்ச் பிளேட்டுகளில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசையை அது கரைத்துவிடும். ரேடியேட்டரைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போடுவது பணத்தைச் சாக்கடையில் கொட்டுவதுதான்.

வாங்குமுன் எண்ணுங்கள், அளவிடுங்கள்

கன்வெர்ட்டர் கனமான சாமான். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்துவிடும். தப்பானது வந்துவிட்டால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. "அதே மாடல்தான் சார்" என்ற பேச்சு இங்கே செல்லாது.

பாருங்கள்: கிறைஸ்லர் தன் டார்க்ஃபிளைட் கியர்பாக்ஸ்களின் உள் ஷாஃப்டில் உள்ள ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கையை 1960-களின் பிற்பாதியில் மாற்றியது. ஆகவே ஒரே பெயர் கொண்ட கியர்பாக்ஸிலும் முந்தைய கன்வெர்ட்டர் பிந்தையதில் நுழையாது. 1978 மாடலில், வேகம் கூடியதும் வழுக்காமல் பூட்டிக்கொள்ளும் லாக்-அப் கன்வெர்ட்டர் வந்தது; அதையும் பழையதையும் இடம்மாற்ற முடியாது. அதே நிறுவனத்தின் 318 இன்ஜினுக்கு உள்ளேயே பேலன்ஸ் செய்திருப்பார்கள். 360 இன்ஜினுக்கோ பேலன்ஸ் எடையைக் கன்வெர்ட்டரின் மேலேயே வெல்டிங் வைத்திருப்பார்கள். 318-க்கானதை 360-இல் மாட்டினால் வண்டி நடுநடுங்கும். போதாததற்கு, டார்க்ஃபிளைட் வண்டிகளில் ஸ்டார்ட்டர் கடிக்கும் பல்சக்கரமும் கன்வெர்ட்டரோடு சேர்ந்தே வருகிறது. அதன் பற்களையும் எண்ணத்தான் வேண்டும்.

எனவே ஆர்டர் கொடுக்கும் முன் இவற்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: கியர்பாக்ஸின் மேல் அச்சடித்த எண், ஸ்ப்ளைன் பற்கள், கன்வெர்ட்டரின் முன்மூக்கின் விட்டம், போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரம், பின்கழுத்தின் நீளம், லாக்-அப் உண்டா இல்லையா, பேலன்ஸ் எடை உண்டா இல்லையா.

"ரீபில்ட்" என்று விற்பதிலும் உஷார். கன்வெர்ட்டரைச் சரிசெய்ய வேண்டுமானால் லேத்தில் வைத்து இரண்டாக அறுத்து, கழுவி, ஒன்-வே கிளட்சும் பேரிங்கும் மாற்றி, மறுபடி வெல்டிங் வைத்து, கசிவு பார்த்து, பேலன்ஸ் செய்ய வேண்டும். புது வெல்டிங் தடம் தெரியாமல் புதுப் பெயிண்ட் மட்டும் பளபளத்தால் அது குளிப்பாட்டிய பழையதுதான். கழுத்துக்குள் விரலை விட்டு ஸ்டேட்டரின் உள்வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் சுழல வேண்டும். மறுபக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சுழன்றால் வாங்காதீர்கள்.

"ஹை ஸ்டால் போடுங்க, பிக்கப் பிரமாதமா இருக்கும்" என்று ஆசைகாட்டினால் மயங்காதீர்கள். இன்ஜின் அதிகச் சுற்றில் ஓடும்போதுதான் நன்றாகப் பிடிக்கும் அந்தக் கன்வெர்ட்டர் பந்தய வண்டிக்கானது. நகர நெரிசலில் அது நிற்காமல் வழுக்கும். வழுக்கல் முழுவதும் சூடாகும். சுமார் 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது கியர்பாக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. சித்திரை வெயிலில் அந்தக் கணக்கு யாருக்கும் கருணை காட்டாது.

கீழே படுப்பவரின் உயிர்

முதல் வேலையாக பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கடியில் போகவே கூடாது. நான்கு ஸ்டாண்டு, சக்கரக் கட்டை எல்லாம் வேண்டும். சூடான ஆயில் கையைப் பொசுக்கும், ஆறவிட்டு வடியுங்கள்.

கியர்பாக்ஸையும் கன்வெர்ட்டரையும் ஒன்றாகத்தான் இறக்க வேண்டும். அதற்கு முன் கீழ்மூடி வழியாகக் கன்வெர்ட்டர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்க வேண்டும். கியர்பாக்ஸ் முன்பக்கம் சாய்ந்தால், ஆயிலோடு கனக்கும் கன்வெர்ட்டர் நழுவி நேராக மார்பில் விழும். கன்வெர்ட்டரைச் சுற்றியிருக்கும் கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங்கின் குறுக்கே ஒரு பட்டை கட்டிய பிறகே இறக்குங்கள். பழைய கன்வெர்ட்டரும் ஃபிளெக்ஸ்பிளேட்டும் எந்த நிலையில் சேர்ந்திருந்தன என்று கோடு போட்டுவையுங்கள். டார்க்ஃபிளைட்டில் ஒரு துளை வேண்டுமென்றே சற்றுத் தள்ளியிருக்கும்; ஒரே ஒரு நிலையில்தான் நான்கு போல்ட்டும் ஏறும்.

மாட்டும்போதுதான் மரண அபாயம்

இப்போது அந்தக் கழுத்துக்கு வருவோம்.

கன்வெர்ட்டர் கியர்பாக்ஸின் முன்னால் உட்கார வேண்டுமென்றால் மூன்று இடங்களில் கோத்துக்கொள்ள வேண்டும். ஸ்டேட்டரின் பற்கள் அதன் தாங்குகுழாயில், டர்பைனின் பற்கள் உள் ஷாஃப்டில், கழுத்து வெட்டுகள் ஆயில் பம்பின் கியரில். மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்தாது. கன்வெர்ட்டரை நேராகப் பிடித்து, மெல்லச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொன்றும் கோக்கும்போது "டொக்" என்று ஒரு படி உள்ளே இறங்கும். பலர் இரண்டாவது படியோடு "உட்கார்ந்துடுச்சு" என்று எழுந்துவிடுகிறார்கள். கோக்காமல் நிற்பது பெரும்பாலும் பம்ப் கியர்தான்!

அந்த நிலையில் கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்த்தால் பெல் ஹவுசிங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு இடைவெளி நிற்கும். இங்கேதான் "போல்ட்டைப் போட்டு இழுத்துக்கலாம்" வருகிறது. ஸ்பேனர் திரும்பத் திரும்ப, கழுத்து பம்ப் கியரை நேராக நசுக்குகிறது. கியர் உடையும், பம்ப் உடல் வெடிக்கும், மறுபக்கம் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் தள்ளப்பட்டு அதன் த்ரஸ்ட் பேரிங் அரைபடும். ஸ்டார்ட் செய்தால் ஒன்று வண்டி நகராது, அல்லது நொறுங்கிய துகள்கள் கியர்பாக்ஸ் முழுக்கப் பரவும். ஒரே தப்பில் கன்வெர்ட்டர், பம்ப், கியர்பாக்ஸ், இன்ஜின் நான்குக்கும் அடி.

இதைத் தடுக்க மூன்று சோதனைகள் உண்டு. ஒன்றைக்கூட விடாதீர்கள்.

ஒன்று: பெல் ஹவுசிங் கை வலுவிலேயே இன்ஜினோடு முழுதாகப் பொருந்த வேண்டும். பொருந்தவில்லையா? போல்ட்டைத் தொடாதீர்கள். பின்னால் இழுத்து மறுபடி கோத்துப் பாருங்கள். இன்ஜினில் இருக்கவேண்டிய இரண்டு டவல் பின்களும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் நூலிழை கோணலாக உட்காரும், புது ஆயில் சீல் சீக்கிரமே ஒழுகும்.

இரண்டு: பெல் ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்கிய பிறகு, கன்வெர்ட்டர் போல்ட்டுகளைப் போடும் முன், கன்வெர்ட்டர் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தால் நிறுத்துங்கள்.

மூன்று: கன்வெர்ட்டரைப் பின்னால் தள்ளி, அதற்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளவிடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸ்களில் அது சுமார் 3 முதல் 5 மி.மீ. வரை இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கன்வெர்ட்டர் உட்காரவில்லை. அதிகமிருந்தால், முன்னால் இழுக்கும்போது பம்ப் கியரை விட்டு வெளியே வந்துவிடும். கடினமான வாஷர் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். மற்ற கியர்பாக்ஸ்களுக்கு அளவு வேறு. அந்தந்த மேனுவலைப் பாருங்கள்.

போல்ட்டிலும் கவனம் வேண்டும். கொஞ்சம் நீளமான போல்ட் கிடைத்தது என்று போட்டால் அது கன்வெர்ட்டரின் முகத்தையே உள்ளே குத்திவிடும். முன் ஆயில் சீலையும் பம்ப் புஷ்ஷையும் இப்போதே மாற்றிவிடுங்கள். இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்க யாருக்குத் தெம்பு?

பழைய குப்பையைப் புதியதில் ஊட்டாதீர்கள்

பழைய கன்வெர்ட்டரின் உலோகப் பொடி கூலரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். கழுவாமல் மாட்டினால் புதுக் கன்வெர்ட்டர் ஸ்டார்ட் ஆனதுமே அதைத்தான் குடிக்கும். கூலரை இரண்டு திசையிலும் கழுவுங்கள். எல்லாம் மாட்டி ஆயில் ஊற்றிய பிறகு, திரும்பி வரும் குழாயை ஒரு பாத்திரத்தில் விட்டு, ஐடிலில் இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். 20 விநாடியில் சுமார் ஒரு லிட்டர் வர வேண்டும். வராவிட்டால் கூலரில் அடைப்பு இருக்கிறது.

மாட்டும் முன்பே கன்வெர்ட்டருக்குள் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஆயில் ஊற்றுங்கள். பம்ப் காய்ந்து சுற்றக் கூடாது. பானிலும் நான்கைந்து லிட்டர் ஊற்றிவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். நியூட்ரலில் ஐடிலில் ஓடவிட்டு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அளவைச் சூடான பிறகு மேனுவல் சொல்லும் நிலையில் பாருங்கள்: டார்க்ஃபிளைட்டுக்கு நியூட்ரல்.

ஊற்றுவது எந்த ஆயில்? பழைய ஃபோர்டு கியர்பாக்ஸ்கள் டைப் எஃப் கேட்கும்; ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் டெக்ஸ்ரான் வகை கேட்கும். இரண்டின் உராய்வுத் தன்மையும் வேறு. பழைய சாமான் கடையில் சீல் உடையாத 1960-களின் ஆயில் டின் கிடைத்தால் அலமாரியில் வையுங்கள், கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள். அக்கால ஆயில்களில் திமிங்கில எண்ணெய்கூடக் கலந்திருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடுத்தது.

"இன்னும் அரை லிட்டர் இருக்கட்டுமே" என்ற தாராளமும் வேண்டாம். அளவு மிஞ்சினால் ஆயில் நுரைத்துக் காற்றுத்துளை வழியே பீய்ச்சும். அது பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கும். முதல் ஸ்டார்ட்டின்போது தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மறந்துவிடும் கம்பிகள்

கியர்பாக்ஸை இறக்கும்போது கழற்றிய கம்பிகளைத் திரும்ப மாட்டுவதில்தான் கடைசி அபாயம். டார்க்ஃபிளைட்டில் கார்புரேட்டரிலிருந்து வரும் கிக்டவுன் கம்பிதான் உள்ளே ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அது இல்லாமலோ தளர்வாகவோ ஓட்டினால் உள் கிளட்சுகள் எரிந்துபோகும். "தெருமுனை வரைதானே" என்றுகூட ஓட்டாதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் மாடுலேட்டரின் வேக்குவம் குழாயையும் பாருங்கள்.

கியர் லீவர் கம்பி சரியாக அமையாவிட்டால் 'பார்க்'கில் நிற்பதாகத் தெரியும் வண்டி தானாக ரிவர்ஸில் போகலாம். இது கற்பனை அல்ல. 1966 முதல் 1980 வரையிலான ஃபோர்டு ஆட்டோமேட்டிக் வண்டிகள் இப்படி நழுவுவதாகக் குவிந்த புகார்களால், 1980-இல் அமெரிக்க அரசோடு செய்த உடன்பாட்டின்படி அந்த நிறுவனம் சுமார் 2 கோடியே 30 லட்சம் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்ப நேர்ந்தது. லீவரை ஒவ்வொரு நிலையிலும் வைத்துப் பாருங்கள். பார்க், நியூட்ரல் தவிர வேறு எதிலும் ஸ்டார்ட் ஆகக் கூடாது. ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கவே கூடாது.

வேலையைப் பட்டறையில் கொடுப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கன்வெர்ட்டர் போல்ட்டை இறுக்கும் முன் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: "அண்ணே, இடைவெளி எத்தனை மி.மீ. வந்துச்சு?" அவர் ஒரு எண்ணைச் சொன்னால், அளந்திருக்கிறார் என்று அர்த்தம், மேனுவலோடு ஒப்பிட்டுவிட்டு மேலே போகலாம். "அதெல்லாம் உட்கார்ந்துடுச்சு, போல்ட்டைப் போட்டா சரியாயிடும்" என்றால், ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு வண்டியை வேறு பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போங்கள்.